கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று, பயம் மட்டும் போகவில்லையா? ஒரு முழுமையான வழிகாட்டி

டாக்டர் தேதி கொடுத்த நிமிஷத்திலிருந்து வீட்டில் ஆளாளுக்கு "இதெல்லாம் இப்போ சாதாரணம், பத்து நிமிஷ வேலை" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணில் சொட்டு மருந்துகூட விட்டுக்கொள்ளாதவர்கள். இந்த ஆறுதலால் பயம் குறையாது, பயப்படுகிறோமே என்ற வெட்கம்தான் கூடும். அப்புறம் ஆபரேஷனுக்குப் போகவேண்டியவர் வாயே திறக்கமாட்டார். ஆபரேஷன் அன்று காலையில் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறி, "இன்னைக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பும்போதுதான் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியவரும்.

என் அப்பாவுக்கும், பிறகு அத்தைக்கும் துணைக்குப் போனவன் நான். அப்பாவுக்கு ஊசி பயம். அத்தைக்கு ஊசி ஒரு பொருட்டே இல்லை, முகத்தைத் துணி போட்டு மூடுவார்களே என்பதுதான் பயம். அப்பாவிடம் எடுபட்ட சமாதானம் அத்தையிடம் செல்லவே இல்லை. கண் ஆபரேஷன் பயம் என்று நாம் ஒற்றை வார்த்தையில் சொல்வதற்குள் நாலைந்து தனித்தனி பயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது. கண்புரையை வைத்து எழுதியிருக்கிறேன். விழித்திரை, கண் நீர் அழுத்த ஆபரேஷன்களுக்கு விவரங்கள் மாறும், ஆனால் பயத்தைக் கையாளும் முறை பெரும்பாலும் பொருந்தும்.

1. எது பயம் என்று பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, "பயமாயிருக்கு" என்று மட்டும் எழுதாமல், எந்தக் காட்சி மனதில் ஓடும்போது வயிற்றைக் கலக்குகிறதோ அதை எழுதுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: கண்ணில் ஊசி போடுவது, கத்தி வருவது கண்ணுக்குத் தெரியும் என்பது, முகம் மூடப்பட்டு மூச்சு முட்டும் என்பது, நடுவில் இருமலோ தும்மலோ வந்து எல்லாம் கெட்டுவிடும் என்பது, பார்வையே போய்விடும் என்பது, செலவு. நடுவில் சிறுநீர் வந்தால் என்ன செய்வது என்பதும் வயதானவர்களிடம் நிறையவே உண்டு. கேட்டால் சொல்லமாட்டார்கள்.

எழுதியதைப் பார்த்தால் ஒன்று புரியும். சில பயங்கள் விவரம் தெரிந்தாலே போய்விடும். சில பயங்களுக்குப் பழக்கம் வேண்டும். சிலவற்றை டாக்டரிடம் சொன்னால் அவரே ஏற்பாடு செய்துவிடுவார். "பார்வை போய்விட்டால்" என்ற பயம் மட்டும் முழுசாகப் போகாது. போகவேண்டிய அவசியமும் இல்லை.

2. நடப்பதை ஒரே ஒரு தடவை தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணை வெளியே எடுத்து வைத்துச் சுத்தம் செய்வார்கள் என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படித்தவர்களிலும் உண்டு. கண் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கருவிழியின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு வாசல் போடுவார்கள். நம் இயற்கை லென்ஸ் மெல்லிய ஒரு உறைக்குள் இருக்கிறது. அது மங்கிப்போவதுதான் கண்புரை. திராட்சைத் தோலில் வட்டமாக ஒரு திறப்பு போட்டு உள்ளிருக்கும் சதையை மட்டும் எடுப்பது போல, அந்த உறையை அங்கேயே விட்டுவிட்டு மங்கிப்போன லென்ஸை மட்டும் ஒலி அலையால் உடைத்து உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு மடித்த செயற்கை லென்ஸை அதே வாசல் வழியாக உள்ளே விட்டால், அது உறைக்குள் போய் விரிந்து உட்கார்ந்துகொள்ளும். வாசல் தானாகவே மூடிக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. புரை நன்றாக முற்றிவிட்டவர்களுக்குச் சற்றுப் பெரிய வாசலாகப் போட்டு, முழுசாக வெளியே எடுக்கும் முறையும் உண்டு. அதிலும் பெரும்பாலும் தையல் இல்லை.

கண் இமைத்துவிடுமோ என்று கவலை வேண்டாம். இமைகளை விரித்துப் பிடிக்க ஒரு சிறு கம்பிக் கருவி வைப்பார்கள், நீங்கள் விரும்பினாலும் மூட முடியாது. கத்தி முனை முன்னால் வருவதும் பெரும்பாலும் தெரியாது. மைக்ராஸ்கோப் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுவதால் பளீரென்ற வெளிச்சமும், அதற்குள் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கரைந்து நகரும் நிறங்களும்தான் தெரியும். இது தெரியும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் அதைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படுவதில்லை. சொல்லாமல் விட்டால்தான், "ஐயோ, மருந்து வேலை செய்யலையே, எல்லாம் தெரியுதே" என்று பதறுகிறார்கள்.

தெரிந்துகொள்வதும் ஒரு அளவோடுதான். யூடியூபில் ஆபரேஷன் வீடியோ பார்க்காதீர்கள். அது டாக்டரின் மைக்ராஸ்கோப் வழியாகத் தெரிகிற காட்சி. உங்களுக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை, ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அதுதான் வரும்.

3. கேட்கும் கதைகளுக்கு வயது போடுங்கள்

பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, "எங்கம்மாவுக்குப் பண்ணினப்போ ஒரு வாரம் அசையாம படுக்க வச்சாங்க, அப்புறமும் சோடாபுட்டிக் கண்ணாடிதான்" என்பார். பொய் இல்லை. உள்ளே லென்ஸ் வைக்காத காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆகவே யார் எந்தக் கதை சொன்னாலும், "இது எந்த வருஷம்?" என்று கேளுங்கள். முக்கால்வாசிக் கதைகள் அங்கேயே அடங்கிவிடும்.

பயந்து தள்ளிப்போட்டவர்களின் பட்டியலில் பெரிய பெயர்களும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் கிளோட் மோனேவுக்கு 1912-இல் கண்புரை என்று சொன்னார்கள். நிறங்களைச் சரியாகப் பார்க்க முடியாமல் திண்டாடியும், 1923 வரை ஆபரேஷனுக்கு அவர் சம்மதிக்கவில்லை. ஒரு கண்ணுக்குச் செய்துகொண்டார், மறு கண்ணைத் தொடவே விடவில்லை. அன்றைய நிலைமையில் அவர் பயந்தது நியாயம். 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் முதன்முதலாக ஒரு செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்துப்போன விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சில்லுகள் உள்ளே எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் கிடந்ததைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. "கண்ணுக்குள்ள வெளிப்பொருளை வச்சா உறுத்தாதா?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

"வெயில் காலத்துல பண்ணக் கூடாது", "புரை நல்லா முத்தட்டும்" என்பவையும் அந்தக் காலத்து மிச்சம்தான். இன்று முற்றவிடுவதால் லாபம் இல்லை. முற்றிக் கெட்டிப்பட்டால் எடுப்பது கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும். அதே சமயம், பெரும்பாலான கண்புரை அவசரமும் இல்லை. டாக்டர் அவசரம் என்று சொல்லாதவரை, ஆடி கழியட்டும், பேத்தி பரீட்சை முடியட்டும் என்று நாலு வாரம் தள்ளிவைத்தால் ஒன்றும் குடி முழுகாது. தேதியை நாமே தேர்ந்தெடுத்தோம் என்ற எண்ணமே பாதித் தெம்பு. ஆனால் தள்ளிவைக்கும்போதே புதுத் தேதியையும் குறித்துவிட வேண்டும். தேதி இல்லாமல் தள்ளினால் அது மோனே கணக்கில் போய்விடும்.

4. டாக்டரிடம் கேட்கவேண்டியதும் சொல்லவேண்டியதும்

கண் டாக்டரிடம் நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். அந்த நேரத்தில் கேள்வி மறந்துபோகும். தாளில் எழுதிக்கொண்டு போங்கள், வீட்டு ஆள் ஒருவர் கூட உட்காரட்டும்.

முதல் கேள்வி, மரத்துப்போக ஊசியா, சொட்டு மருந்தா என்பது. இரண்டும் நடைமுறையில் உண்டு. ஊசி என்றால் அது கண்மணியில் குத்துவது இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில், குழிக்குள் மருந்து போகும்படி இமைப் பகுதியில் போடுவார்கள். ஒரு அழுத்தமும் சில விநாடி வலியும் இருக்கும், பிறகு அந்தக் கண் அசையாது, பார்வையும் தற்காலிகமாக மங்கும். சொட்டு மருந்து என்றால் ஊசியே இல்லை, ஆனால் நீங்கள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு ஒத்துழைக்க வேண்டும். அப்பா இதைக் கேட்டு, "அப்ப சொட்டு மருந்தே போதும் டாக்டர்" என்றார். புரையைப் பார்த்துவிட்டு அவரும் சரி என்றார். எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனால் கேட்காமல் தெரியாது.

சொல்லவேண்டியது இன்னும் முக்கியம். சர்க்கரை, பிரஷர், இதய மருந்து, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, அலர்ஜி எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரைப் பட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினாலும் சரிதான். ரத்தத்துக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆண்கள் புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டிருந்தால், நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணின் நடுவே இருக்கும் பாவை சரியாக விரியாமல் தளர்ந்துபோக அது காரணமாகலாம். முன்பே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார்.

மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குகிறது, லிஃப்டில் நின்றாலே படபடக்கும், முன்பு ஊசி பார்த்து மயங்கி விழுந்திருக்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். இதையெல்லாம் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். மனதை அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்கலாம், மயக்க மருந்து டாக்டரை உடன் இருக்கச் சொல்லலாம். மறதி நோய் முற்றியவர்களுக்கும், எந்த வகையிலும் அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் முழு மயக்கத்தில் செய்வதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரையை முந்தின ராத்திரி போட்டுக்கொண்டு போவது மட்டும் கூடாது.

5. லென்ஸ், செலவு

டாக்டரைப் பார்த்த பிறகு ஆலோசகர் ஒருவர் கூப்பிட்டு, விலைப்பட்டியலை முன்னால் வைப்பார். பலருக்கு ஆபரேஷனைவிட இந்த இடம்தான் வியர்க்கவைக்கிறது. "மலிவானதை எடுத்தால் கண்ணுக்கு வஞ்சனை செய்கிறோமோ" என்று தோன்றும்.

சுருக்கமாக விஷயம் இதுதான். ஒற்றைக் குவிய லென்ஸ் தூரப் பார்வையைத் தெளிவாகத் தரும், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். பல குவிய லென்ஸ் கண்ணாடித் தேவையைக் குறைக்கும், ஆனால் ராத்திரியில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம், எல்லாக் கண்ணுக்கும் பொருந்தாது. கருவிழி வளைவில் கோளாறு இருப்பவர்களுக்கு டோரிக் என்று தனி வகை. விலை கூடினால் வசதி கூடலாம், ஆபரேஷனின் பாதுகாப்பு அதனால் கூடுவதில்லை. அன்றே கையெழுத்துப் போடவேண்டிய கட்டாயமும் இல்லை, வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள்.

உள்ளூரில் செய்த லென்ஸ் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன கைகளாலேயே அவர் லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர். வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை என்பதால் 1992-இல் அங்கேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி லென்ஸ் செய்தார்கள். அந்த லென்ஸ்கள் இன்று பல நாடுகளுக்குப் போகின்றன. இலவச முகாமில் செய்துகொள்வதாலோ, 1819-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை மாதிரி இடங்களுக்குப் போவதாலோ கண்ணுக்குக் குறை வைத்துவிட்டோம் என்று நினைக்கத் தேவையில்லை.

6. வீட்டில் ஒத்திகை பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். அத்தையின் மூச்சு முட்டும் பயத்தை எந்தப் பேச்சும் அசைக்கவில்லை, ஒரு ஈரிழைத் துண்டுதான் அசைத்தது.

பகலில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, கட்டிலில் மெல்லிய தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். கைகள் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். முகத்தின் மேல் மெல்லிய துண்டை, மூக்குக்கு மேலே கொஞ்சம் கூடாரம் மாதிரி நிற்கும்படி யாரையாவது போடச் சொல்லுங்கள். ஆபரேஷன் தியேட்டரிலும் பெரும்பாலும் துணியை மூக்கில் ஒட்டாமல் தூக்கிவைத்து, உள்ளே ஆக்ஸிஜன் குழாய் விடுவார்கள். முதல் நாள் இரண்டு நிமிஷம் போதும். அத்தை முதல் தடவை இருபது எண்ணுவதற்குள் துண்டை வீசியெறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் மாமா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படித்தார். தங்கம் விலை வரைக்கும் வந்தபோது ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இருபது நிமிஷம் வரை வாருங்கள். ஆபரேஷனுக்குப் பொதுவாக அதற்கு மேல் ஆவதில்லை.

படுத்திருக்கும்போது மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு தணியும். இருமல் வருவது போல் தோன்றினால், அசைவதற்கு முன்னால் "இருமல் வருது" என்று வாயால் சொல்லிப் பழகுங்கள். தியேட்டரிலும் அதுதான் விதி. முதலில் சொல்லுங்கள், டாக்டர் கருவியை வெளியே எடுத்ததும் இருமிக்கொள்ளலாம்.

7. முந்தின நாளும் அன்று காலையும்

ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் தலைக்குக் குளிக்க முடியாது. முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். முன்பக்கம் பட்டன் உள்ள சட்டையோ ரவிக்கையோ போட்டுக்கொள்ளுங்கள், தலைவழியாகக் கழற்றுவது வேண்டாம். பூ, பொட்டு, மை வேண்டாம். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று உள்ளுக்குள் தவிக்கிற பெண்கள் உண்டு. முன்பே கேட்டுவிடுங்கள். மரக்கும் மருந்து மட்டும் போட்டுச் செய்யும்போது பல இடங்களில் அப்படியே விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு போகலாம்.

சாப்பிடலாமா, எந்த மாத்திரை போடலாம் என்பதில் மருத்துவமனை எழுதிக்கொடுத்த சீட்டுதான் வேதம். சர்க்கரைக்காரர்கள் இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். பார்க்க அச்சு அசலாகப் பயம் மாதிரியே இருக்கும். "பயப்படாதீங்க" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள், தேவைப்பட்டதோ சர்க்கரை. அறிகுறி தெரிந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். காபிக்கு மேல் காபி குடிக்க வேண்டாம். உள்ளே கூப்பிடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

பாவையை விரிக்கும் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விடுவார்கள், லேசாக எரியும். எந்தக் கண் என்று நெற்றியில் அடையாளம் போடுவார்கள். ஆளாளுக்கு வந்து "எந்தக் கண்?" என்று கேட்பார்கள். இவர்களுக்கே தெரியவில்லையே என்று கலங்காதீர்கள், தவறு நடக்காமலிருக்க வேண்டுமென்றேதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணைத் தொடாமல் கை காட்டிச் சொல்லுங்கள்.

8. மேஜை மேல்

சில்லென்று ஏசி. முகத்தையும் கண்ணையும் பழுப்பு நிற அயோடின் மருந்தால் கழுவுவார்கள், கிருமித் தொற்றைத் தடுப்பதில் இதுதான் முக்கியமான வேலை. பிறகு முகத்தின் மேல் பிளாஸ்டிக் துணியை ஒட்டுவார்கள். வீட்டில் பழகிய அதே நிலை. கண்ணில் குளிர்ந்த நீர் ஓடுவது தெரியும், அவ்வப்போது அழுத்தம் தெரியும். மெஷின் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது உறிஞ்சும் வேகத்தைக் காட்டும் ஒலி. சத்தம் கூடினால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

தெரிந்த பாட்டோ ஜெபமோ ஓதலோ மனதுக்குள் சொல்லிக்கொண்டிருங்கள், உதடு அசைய வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் பதற்றம் குறைகிறது என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். "கையைப் பிடிச்சுக்கங்க சிஸ்டர்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள். "வலிக்குது டாக்டர்" என்றால் மேற்கொண்டு மருந்து விடுவார். கையை மட்டும் தூக்கக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது.

9. வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்குக் கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்தும், தண்ணீர் வரும், சிவந்திருக்கும், பார்வை மங்கலாக இருக்கும். மறுநாள் கட்டைப் பிரித்ததும் பளிச்சென்று தெரியாவிட்டால் "போச்சு" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்குச் சில நாள் பிடிக்கும். நீலம் முன்பைவிடப் பளபளப்பாகத் தெரியும். சொட்டு மருந்தைப் பொதுவாக நாலைந்து வாரம், அட்டவணைப்படி குறைத்துக்கொண்டே வர வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, தூங்கும்போது கண்ணுக்குக் கவசம் போட வேண்டும்.

"பார்வை போய்விட்டால்" என்ற பயத்துக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குள் கடுமையான தொற்று வருவது பொதுவாக ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தால் சில மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், தெரிந்த பார்வை திடீரென்று குறைந்தால், சீழ் வந்தால், மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். அவர்களுடைய அவசர எண்ணை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி, வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்துவையுங்கள்.

10. அடுத்த கண்

முதல் கண் நல்லபடியாக முடிந்ததும் இரண்டாவதற்கு ஜம்மென்று போவார்கள். போய்விட்டு வந்து, "இந்தத் தடவை வலிச்சுது, சரியாப் பண்ணலை போல" என்பார்கள். இரண்டாவது கண்ணில் வலி அதிகமாகத் தெரிந்ததாக நிறையப் பேர் சொல்வதை ஆய்வுகளும் பதிவு செய்திருக்கின்றன. முதல் தடவை பதற்றத்தில் கவனிக்காமல் விட்டதையெல்லாம் இந்தத் தடவை நிதானமாகக் கவனிக்கிறார்கள் என்பது ஒரு விளக்கம். ஆகவே துணைக்குப் போகிறவர்கள் இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்லிவையுங்கள், துண்டு ஒத்திகையையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.